தெற்குச் சுவரில் இரண்டு பிரஸ்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கை பிரஸ்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. எழுபதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் அதுவரை திருவண்ணாமலை ஊருக்குள் ஒரு தகரப்பட்டறையில் வேலை பார்த்தார். கோயில் கடைகளில் விற்கும் குங்குமச் சிமிழ்கள் அடிக்கிற பட்டறை. முதலாளிக்குக் கண் பார்வை மங்கியதும் பட்டறையை மூடினார். மூடும்போது, இத்தனை நாள் கூட இருந்த ஆளாயிற்றே என்று பிரஸ் இரண்டையும் இவருக்கே கொடுத்துவிட்டார்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கை பிரஸ் என்பது கனத்த வார்ப்பிரும்பு. உச்சியில் நீளமான கைப்பிடி, அதன் முனையில் ஓர் இரும்புக் குண்டு. கைப்பிடியை விசையாகச் சுற்றினால் நடுவில் உள்ள திருகு இறங்கி, அச்சின்மேல் வைத்த தகரத்தை வெட்டி அழுத்தும். ஒரு பிரஸ்ஸில் சிமிழின் அடிப்பாகம் வரும், இன்னொன்றில் மூடி வரும். தகரத்துக்குப் பஞ்சமில்லை, காலி எண்ணெய் டின்களை வெட்டி நிமிர்த்தினால் போதும். கோபுரத்துக்கு எதிரே கடை வைத்திருந்தவர், கார்த்திகை தீபத்துக்கு வேண்டிய சிமிழ் எல்லாம் உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் இவருடைய அண்ணன் வேறு கணக்குப் போட்டிருந்தார். அவர் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை செய்தார், தம்பிக்கும் அங்கே இடம் பேசிவைத்திருந்தார். "தீபத்துக்கு வருவேன். அதுக்குள்ள வீட்ல தொழில் ஓடுச்சுன்னா சரி. இல்லன்னா கையோட கூட்டினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் மட்டும் அங்கே ஒண்டிக்கொள்வார், நானும் மாமியாரும் இங்கே. எனக்குக் கல்யாணமான புதுசு. மாமியார் மகனுடைய வேட்டி சட்டைகளைத் துவைத்து மடித்து ஒரு டிரங்குப் பெட்டியில் இப்போதே அடுக்க ஆரம்பித்துவிட்டார். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் போய் இடிக்கும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரஸ் வந்துவிட்டது, அதை உட்காரவைக்க ஒரு பெஞ்ச் வேண்டும். பக்கத்து வீட்டு பாய் தச்சுவேலை செய்பவர். தடித்த வேப்பம் பலகையில் நல்ல பெஞ்சாகவே செய்துகொடுத்தார். எந்தப் பக்கம் போடுவது என்பதில் வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை. எங்கள் வீடு ரயிலடிப் பக்கம், மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாராவது தொழில் தொடங்குவார்களா? மேற்கு ஜன்னலின் கீழே பெஞ்சைப் போட்டு, பிரஸ்களை போல்ட் வைத்து முடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். இவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினார்.

பெஞ்ச் கிளம்பிவிட்டது.

குண்டு சுற்றி வந்து நின்ற வேகத்தில் பெஞ்ச் ஒரு பக்கமாகத் திரும்பி, ஜன்னலை விட்டு விலகி நின்றது. அடியின் பலமெல்லாம் பெஞ்சைத் திருப்புவதிலேயே போய்விட்டதால், மூடி பாதி வெட்டுப்பட்டு, மீதி தகரத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. சுவரோடு பிணைக்கலாம் என்றால், அந்த மேற்குச் சுவர் மூங்கில் தட்டியில் மண் பூசியது. ஆணி அடித்தாலே உதிரும். பெஞ்சின் கால்களுக்கு மணல் மூட்டை வைத்தோம். ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தோம். கடைசியில் என்னையே மேலே ஏறிக் குந்தச் சொன்னார். நான் அப்போது கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன், அந்தத் தைரியத்தில் சொல்லியிருப்பார். ஏறி உட்கார்ந்தேன். பெஞ்ச் என்னையும் தூக்கிக்கொண்டு திரும்பியது. மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து இவர் பெஞ்சுப் பக்கமே போகாமல் டின்களை வெட்டி அடுக்கிக்கொண்டே இருந்தார். கேட்டால், "அண்ணன் சொல்றதும் சரிதான் போல" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. இவர் போனால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தேன், அப்புறம் இவர்மேலேயே கோபம் வந்தது.

தீபத்துக்கு முந்தின மாசப் பௌர்ணமி வந்தது. இப்போதுபோல அன்றைக்கெல்லாம் அவ்வளவு கூட்டம் இருக்காது. நானும் மாமியாரும் சாயந்திரமே மலை சுற்றக் கிளம்பினோம். வேண்டுதல் எல்லாம் ஒன்றேதான், பெஞ்ச் நிற்க வேண்டும். கோயிலைத் தாண்டித் தெற்கே நடக்கும்போது மாமியார் வழக்கம்போல வலப்பக்கம் திரும்பித் திரும்பி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார். செங்கம் ரோடு திரும்பும் இடத்தில் எனக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது. அடி அண்ணாமலை வரைக்கும், சரிதானா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அங்கே சோடா குடிக்க உட்கார்ந்தபோது கேட்டேன்.

"அத்தை, மல சுத்தும்போது மல நமக்கு எந்தப் பக்கம் இருக்குது?"

"சோத்தாங்கைப் பக்கம். இது தெரியாமயா சுத்தினு வர?"

"மூஞ்சிக்கு நேரா இல்லியே? அப்ப பிரஸ்ஸு மட்டும் எதுக்கு மூஞ்சிக்கு நேரா இருக்கணும்? தெக்குச் செவுத்தாண்ட போட்டா மல சோத்தாங்கைப் பக்கம் வந்துடும்ல?"

தெற்குச் சுவர்தான் வீட்டிலேயே ஒரே கருங்கல் சுவர். எங்களுக்கும் பாய் வீட்டுக்கும் பொது. அதை ஒட்டி விறகு அடுக்கிவைத்திருந்ததால் யாருக்கும் அது சுவராகவே தோன்றவில்லை.

"தெக்க பாத்து குந்தி வேலை செஞ்சா வெளங்குமாடி? அது எமன் திக்கு" என்றார் மாமியார்.

"கோயில்லருந்து மல சுத்தக் கெளம்புற சனமெல்லாம் மொதல்ல தெக்கதானே நடக்குது? எமனா புடிச்சினு போறான்?"

மாமியார் மீதிச் சோடாவைக் குடித்து முடித்தார். பிறகு, "சரி, வெறகை நீயே எடுத்துப் போடு" என்றார். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சோடாவை நான் குடித்ததில்லை.

மறுநாள் பாயிடம் போய்ச் சுவரைக் கேட்டோம். "பாதி உங்களுது, பாதி எங்களுது. ஓட்டை மட்டும் ஜாஸ்தி பெருசா வேணாம்மா" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, அவரே உளியை எடுத்து வந்து கல்லும் கல்லும் சேரும் இடத்தில் காரையைக் குடைந்தார். நீளமான போல்ட்டுகளை எங்கள் பெஞ்சிலிருந்து சுவருக்குள் செலுத்தி, அவர் வீட்டுப் பக்கம் இரும்புப் பட்டை வைத்து நட்டு முடுக்கினார். நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனையில் அவர் மனைவி அன்றைக்கே காய்கறிப் பையை மாட்டிவிட்டார்.

இவர் கைப்பிடியைப் பிடித்தார். வலப்பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார், சுற்றினார். டக்கென்று ஒரே அடி. பெஞ்ச் அசையவில்லை. மூடி வட்டமாக, பிசிறில்லாமல் கீழே விழுந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்தேன், விளிம்பு விரலைக் கீறியது, நான் விடவில்லை, முந்தானையில் பொத்திக்கொண்டேன். அழுகையும் வந்தது, ஆடவும் தோன்றியது. மூடி பிரஸ்ஸை இவர் சுற்ற, அடி பிரஸ்ஸை நான் சுற்றினேன். தோள் கழன்றுவிடும்போல வலித்தது, ஆனாலும் நிறுத்தச் சொன்னால் சண்டைக்குப் போனேன்.

தீபத்தன்று காலையில் அண்ணன் வந்து இறங்கினார். வாசலிலேயே சத்தம் கேட்டிருக்கும். உள்ளே வந்து பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அது அசையாததைப் பார்த்து, "பெட்டி ரெடியா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார்.

"ரெடி மாமா. தூக்க முடியுதான்னு பாருங்க" என்றேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார், வரவில்லை. குனிந்து திறந்தார். உள்ளே வேட்டியும் இல்லை, சட்டையும் இல்லை. விளிம்புவரை சிமிழ்கள்.

அவரும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோபுரத்துக்கு எதிரே உள்ள கடைக்கு நடந்தார்கள். ஜனக்கூட்டத்தில் வழி கேட்டு நான் முன்னால் போனேன், மலை எனக்கு நேர் எதிரே இருந்தது.