குளிர்நாட்டு மண்ணும் தாமுவே துளசியும்

செடி விற்பவருக்கு, விற்ற செடி வாடினால் துக்கம் விசாரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ரங்கூனில் தாமுவே மார்க்கெட் ஓரத்தில் நாற்றுக்கடை வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது இதே பிழைப்பில் இருந்தால், வெளிநாட்டு மூட்டை மண் படுத்தும் பாடு சொல்லாமலே புரியும்.

கறுத்த மண்

கியாக்டடா வட்டாரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய், பால்கனியில் கறிவேப்பிலை வைக்க அந்த மண்ணை மட்டுமே கேட்டு வாங்கிப் போனார். எதையும் கலக்க விடவில்லை. கொஞ்ச நாளில், மஞ்சளித்த செடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அது வடக்கே குளிர்ப் பிரதேசத்துச் சதுப்பில் வெட்டுறது, பாய். அந்தக் குளிர்ல பாசி முழுசா மக்காமல் அடுக்கடுக்காப் படிஞ்சிடும். புளிப்பு அதிகம், சத்து குறைவு" என்றேன்.

பாய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இவ்வளவு கறுப்பா இருந்துட்டு, உள்ளே பட்டினியாம்மா கிடக்குது?"

சாய்ந்த மரம்

பக்கத்துத் தெரு பரமேஸ்வரி அக்காவின் மகன் குமார், பின்லாந்தில் மரம் நடும் வேலைக்குப் போயிருக்கிறான். அவன் அனுப்பிய வீடியோவை அக்கா கடைக்கு எடுத்துவந்து காட்டினார். பாசியை விலக்கினால் சாம்பல் நிற மணல். காற்றில் சாய்ந்த ஊசியிலை மரம் ஒன்று, வேரெல்லாம் தட்டு மாதிரி தட்டையாக. இந்த மரங்களுக்கு நடுவில்தான் மகன் தங்கியிருக்கிறான் என்று அக்காவுக்குப் பயம். தண்ணீர் வடியாத தாழ்நிலம், அதனால் வேர் ஆழம் போகாது என்று விளக்கினேன். அது ஆறுதல் இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

என்னோடு வேலை பார்க்கும் கோ தூன், சண்டையால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் ரங்கூனுக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர். வீடியோவை மறுபடி போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அக்காவை மரியாதையாக 'டோ' போட்டு அழைத்து, பர்மியில் சொன்னார்: "கீழே இறங்க முடியலைன்னா பக்கத்துல பரவித்தான் பிடிச்சுக்கணும். மத்த மரமெல்லாம் நிக்குது பாருங்க, டோ பரமேஸ்வரி."

கலவை

மழைக்காலம் தொடங்கும் முன்னால் அக்கா மறுபடி வந்தார். வீட்டுத் துளசிக்கு அந்த வெளிநாட்டு மண்தான் வேண்டுமாம். எந்த நாட்டு மண் என்று மூட்டையைப் படிக்கச் சொன்னார். குமார் இருக்கும் நாடு இல்லை, அதற்குப் பக்கத்து நாடு. பரவாயில்லை என்றார்.

"குமார் எப்போ வருவான்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஊர் இருக்கிற நிலைமையில இப்போ வராதேன்னு நானேதான் சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்த மண்ணில் மட்டும் வைத்தால் துளசி தேறாதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா பையைத் திறந்தார். உள்ளே அவர் வீட்டு வாசலில் தோண்டிய மண்.

"தனியா வச்சா வேர் பிடிக்காதுன்னு எனக்கும் தெரியும்மா. இதையும் சேர்த்துக் கலந்து கொடு."

கலந்து கொடுத்தேன். செடி பிழைத்தால் வாங்கியவர் கைராசி, பட்டுப்போனால் கடைக்காரி மோசம் என்பதுதான் எங்கள் தொழிலில் எப்போதும் தீர்ப்பு.