புரியலக்கா

பள்ளிக்கூடத்தில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை "புரியல". அதற்காக வாங்கிய குட்டுக்குக் கணக்கே இல்லை. மூன்றாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் உட்கார வைத்துவிட்டு, பிறகு வீட்டோடு இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அதே வார்த்தையைச் சொல்வதற்கு இப்போது ஓர் ஆஸ்பத்திரி அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. குட்டிய கைகள் எங்கிருந்தாலும் இதைக் கேட்டுக் கொஞ்சம் வலிக்கட்டும்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் காகிதக் கட்டுகளுக்கும் நடுவே அவள் மேஜை. நோயாளிகளுக்குப் போகிற எந்த நோட்டீசும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். விரலை வரிமேல் வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படிப்பாள். புரியாத இடத்தில் பேனாவால் ஒரு வட்டம். வட்டம் இருக்கும்வரை அது அச்சுக்குப் போகாது. 'உணவருந்தா நிலையில் சமூகமளிக்கவும்' என்று ஒரு பெரிய டாக்டர் எழுதி அனுப்பினார். வட்டம் விழுந்தது. 'சாப்பிடாமல் வாருங்கள்' என்று மாற்றினார்கள். அப்போதும் அவள் விடவில்லை. "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள். அதை எழுதாமல் விட்ட டாக்டர் தானே கீழே இறங்கி வந்து அசடு வழிந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க அவள் பெயர் 'புரியலக்கா'. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வேலை முடிந்ததும் பஸ் பிடித்துத் தன் அறைக்குப் போவாள். மாடியில் ஒற்றை அறை, அம்மாவும் அவளும் இருந்த அறை. அம்மா போனபிறகு ஒரு வருஷமாகத் தனியாகத்தான் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு ஒரு பெண் வந்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போவாள். மற்றபடி பூட்டும் அவளுடையது, சாவியும் அவளுடையது.

அண்ணனுக்கு அதுதான் உறுத்தல். மனுஷன் கெட்டவர் இல்லை. தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவர். நாற்பத்தொரு வயதுக்காரியை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார், சிக்கலே அங்கேதான். ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் துணி காயப்போடப் போக, பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது. இது நடக்காத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! அண்ணனோ அந்த வாரமே, தன்னை அவளுக்குப் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி மனுப் போட்டுவிட்டார். அது கிடைத்தால் அறையைக் காலி செய்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார். அந்த வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ் கிடையாது. அறையும் போகும், வேலையும் போகும்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அலுவலகத்தில் அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் அண்ணன்.

"பாப்பா, மேடம் என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு. மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்று அண்ணன் காதோடு சொன்னார்.

அதிகாரி மனுவை அவள் பக்கம் தள்ளினார். "இதைப் படிச்சீங்களாம்மா?"

அதுவரை யாரும் அவளுக்கு அதைக் காட்டக்கூட இல்லை. இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். விரல் ஊர்ந்தது. 'மேற்படி நபரின் வசிப்பிடம், பணி, சிகிச்சை உள்ளிட்ட சகல விஷயங்களிலும் மனுதாரரின் தீர்மானமே இறுதியானது.' பையிலிருந்து பேனா வந்தது. வட்டம் விழுந்தது.

"புரியல," என்றாள்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பார்த்தீங்களா மேடம், இதுக்காகத்தான் நான் மனுவே போட்டேன்."

"மனுப் போட்டவர் நீங்கதானே சார்? அவங்களுக்குப் புரியற மாதிரி நீங்களே சொல்லுங்க," என்றார் அதிகாரி.

அண்ணன் கனைத்துக்கொண்டார். "அதாவது பாப்பா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

அவள் காகிதத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நல்லதுன்னு எந்த வரில இருக்கு? காட்டு."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். இல்லை. வக்கீல் எழுதிக் கொடுத்ததை அவரும் முழுசாகப் படித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இப்போதுதான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"நீ எங்க இருக்கணும்னு நான் சொல்லுவேன். வேலைக்குப் போகணுமா வேண்டாமான்னு நான் சொல்லுவேன். ஊசி போடலாமான்னு டாக்டர் உன்னைக் கேக்க மாட்டார், என்னைக் கேப்பார்."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். காகிதத்தையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சொன்னாலும்... செல்லாது பாப்பா."

"இப்பப் புரிஞ்சுது," என்றாள் அவள். "எனக்கு இது வேண்டாம்."

"உங்களுக்கு உதவியே வேண்டாமாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"வேணும் மேடம். மாத்திரைக்கு வேணும். புது இடத்துக்கு பஸ் ஏறணும்னா வேணும். அடுப்புக்கு, நேரமானா மணியடிக்கற மாதிரி ஒண்ணு வேணும்." விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "அண்ணன் வேணும். எசமான் வேண்டாம்."

'மனு நிராகரிக்கப்படுகிறது' என்று அதிகாரி எழுதினார். அவள் மறுபடியும் பேனாவை எடுப்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டு அடியில் இன்னும் மூன்று வரி சேர்த்தார். 'அண்ணன் கேட்ட அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. இவர் தன் அறையிலேயே இருப்பார். தன் வேலைக்குப் போவார்.' அவள் இரண்டு தடவை படித்தாள். ஒரு வட்டமும் விழவில்லை. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசல் படியில் அண்ணன் அவளை நிறுத்தினார். கண் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு நான் வரலாமா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் அனுமதி அதுதான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் உடனே கொடுத்துவிட மனசு வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.