வெட்டச் சொன்ன திரை

ஹேமாவதி முதன்முதலில் என் தையல் கடைக்கு வந்தபோது ஒரு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஆறு ஜன்னல் திரைகள். மஞ்சள் நிறம், கனமான துணி. அவள் கணவர் ஜெகதீசன் ராணுவத்தில் ஹவில்தார். பதான்கோட்டிலிருந்து ஆவடிக்கு மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இங்கே குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு அந்தத் திரைகள் ஒரு சாண் நீளமாக இருந்தன.

வெட்டிவிட்டு ஓரம் அடித்துத் தருகிறேன் என்றேன். அவள் சட்டென்று துணிமேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்கக்கா. உள்ள மடிச்சு அடிங்க. அடுத்த ஊட்ல ஜன்னல் எவ்ளோ உயரமோ."

சேக்காட்டில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. ஊக்கு, பட்டன் தைத்துக் கொடுக்கப் பூந்தமல்லியிலிருந்து ஜரினா பஸ்ஸில் வருவாள். நான் பேசாததற்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"பேசாம ஜன்னலையே பேத்துகினு போயேம்மா" என்றாள்.

ஹேமாவதி சிரித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்றாள்.

மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பழைய மடிப்பைப் பிரித்தேன். உள்ளே கோடு கோடாக ஊசித் துளைகள். ஒவ்வோர் ஊர்த் தையற்காரரும் ஒவ்வோர் உயரத்தில் அடித்திருந்தார். சில இடங்களில் நூல் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. நீலம் ஜோத்பூர், கறுப்பு ஜபல்பூர் என்று விரல் வைத்துச் சொன்னாள். வெளியே வெளுத்துப்போயிருந்த துணி மடிப்புக்குள் மட்டும் கடையில் வாங்கிய அன்றைய மஞ்சளாகவே இருந்தது.

ஒரு திரையில் மட்டும் கைத்தையல். பாதி வரை நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. அதன்பின் அகல அகலமாக, வேறு யாரோ போட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்துவிட்டாள். அதைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் திருமழிசையிலிருந்து போன் வந்ததாம். அவள் அம்மா பொன்னம்மாள் போய்விட்டாள் என்று. மீதியைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி தைத்து முடித்தாளாம். டிக்கெட் கிடைத்து ஹேமாவதி ஊர் வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது.

"அத மட்டும் பிரிக்காதீங்க. அப்டியே உள்ள வெச்சு மடிச்சிடுங்க" என்றாள். அப்படியே செய்தேன்.

அதன்பின் அடிக்கடி வருவாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஏழு ஊர்கள். எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடித்ததில்லை என்பாள். அடித்தால் காலி செய்யும்போது துளையை அடைத்துக் கணக்குக் காட்ட வேண்டுமாம். மகள் பவித்ராவுக்கு இது ஆறாவது பள்ளிக்கூடம். ஆவடிக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். பஸ் போர்டுகளைப் படித்துப் படித்தே தேறினாள். எந்தப் பள்ளியிலும் கடைசி பெஞ்சைத் தேடிப் போகிறவள், இங்கே ஒரு தோழியோடு கைகோத்துக்கொண்டு எங்கள் தெருவில் நடந்து போவதை நானே பார்த்தேன்.

ஜெகதீசனுக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. இதுதான் கடைசி ஊர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சேக்காட்டிலேயே, எங்களுக்கு நாலு தெரு தள்ளி, இரண்டு அறை வைத்து வீடு கட்டினார்கள். தை மாதம் பால் காய்ச்சினார்கள். நானும் போயிருந்தேன். சுவர் முழுக்க ஆணி. காலண்டர், சாமி படம், கல்யாணப் போட்டோ, ஒன்றுமே மாட்டாத இரண்டு வெறும் ஆணிகள். அவற்றில் என்ன மாட்டப் போகிறாய் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சும்மா அடித்தேன் என்றாள்.

அடுத்த வாரம் திரைகளைக் கொண்டுவந்தாள்.

"வெட்டிடுங்கக்கா."

நான் இரண்டு தடவை கேட்டேன். அந்தக் கைத்தையல் போட்டதையுமா என்றும் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அதையும்தான் என்றாள். கத்தரிக்கோல் போகும்போது அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு துண்டுகள் கீழே விழுந்தன. கரித்துணிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள். மெஷின் துடைக்க ஒன்றை ஜரினா எடுக்கப் போனாள். நான் வாங்கி, ஆறையும் சுருட்டி மரப்பெட்டியில் போட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

பங்குனியில் ஒருநாள் மைசூர்பாகு டப்பாவோடு வந்தாள். ஜெகதீசனுக்குப் பதவி உயர்வு. நாயிப் சுபேதார். ஜரினா சந்தோஷப்பட்டு ஒரு துண்டை அவள் வாயிலேயே ஊட்டப் போனாள். ஹேமாவதி முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

உயர்வு என்றால் சர்வீஸும் நீளும். இன்னும் நாலு வருடத்துக்கு மேல். முதலில் ஜான்சிக்குப் போக வேண்டும், அதன்பின் எங்கே என்று தெரியாது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறதாம். எழுதிக் கொடுத்தால் ஹவில்தாராகவே ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிடலாம். அவர் அதற்கான தாளை அவள் முன்னால் வைத்து, நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன் என்றாராம்.

"இன்னா சொன்னே?" என்றாள் ஜரினா.

"இருபத்திரண்டு வருஷமா யூனிபார்ம்ல அந்தப் பட்டைக்காகக் காத்துகினு இருந்த மனுஷன்க்கா. வேணாம்னு எழுதுன்னு எந்த வாயால சொல்வேன்? போய்ட்டு வாங்கன்னேன்." கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "நான் வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சிருப்பாரு போல. அந்தத் தாள நாலா மடிச்சு பையில வெச்சுகினாரு."

பவித்ரா ஜூனில் பிளஸ் டூ போக வேண்டும். இந்தப் பள்ளியை விட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அதனால் இந்தத் தடவை அவர் மட்டும் போனார். பதினெட்டு வருடத்தில் எந்த ஊருக்கும் குடும்பமாகவே போனவர்கள். இரும்புப் பெட்டியில் இருந்த பழைய பதவியைப் பெயின்ட் அடித்து அழித்துவிட்டு அவர் புதுப் பதவியை எழுதியபோது, அவள் பிரஷ் கழுவ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாளாம். இதை மட்டும் சொன்னாள்.

ஜூன் கடைசியில் மறுபடியும் கடைக்கு வந்தாள். கையில் இரண்டு திரைகள். ஜான்சியில் அவர் அறையில் மேற்கு வெயில் நேராக அடிக்கிறதாம். ஜன்னல் அளவைப் போனில் சொல்லியிருந்தார். அதற்குத் திரை ஒரு சாண் குறைந்தது.

அந்த ஊரில் புதுத் துணி வாங்கிக்கொள்ளலாமே என்று ஜரினா கேட்டாள்.

"ஊட்ல இருந்த துணியே வேணுமாம்" என்றாள் ஹேமாவதி.

நான் பெட்டியைத் திறந்து துண்டுகளை எடுத்தேன். அவற்றைப் பார்த்ததும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டை எடுத்து அடியில் வைத்துத் தைத்தேன். முடிந்தவரை மெல்லிய இணைப்பாகத்தான் போட்டேன். ஆனால் மேலே வெளுத்த மஞ்சள், கீழே வெயில் படாத மஞ்சள். ஓர் ஆள் தூரத்திலிருந்தே தெரிந்தது. மேலே ஒரு லேஸ் வைத்து மறைத்துவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

துணியை மடித்துப் பார்சலுக்காகப் பையில் வைத்தவள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"மிச்சம் நாலு துண்டையும் குடுங்கக்கா."

சொந்த வீட்டு ஜன்னலுக்கு இனிமேல் அது எதற்கு என்று கேட்க ஜரினா வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். நாலையும் எடுத்துக் கொடுத்தேன். ஹேமாவதி ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். கைத்தையல் இருந்த துண்டு மூன்றாவதாக வந்தது. அதை மட்டும் தனியாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பவித்ரா பள்ளி விட்டு வந்திருப்பாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.