அரச மரத்தைச் சுற்றி ஒரு மைல்

எங்கள் கல்லூரியில் விளையாட்டு என்று ஒன்று இருந்ததா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். இருந்தது ஐயா, பேஷாக இருந்தது. ஒரு மைதானம், ஒரு விசில், ஒரு ஸ்டாப் வாட்ச், ஓடுவதற்கு ஏழெட்டுப் பேர். ஸ்டாப் வாட்ச் பௌதிகக் கூடத்திலிருந்து இரவல். அங்கே ஊசல் சோதனை நடக்கிற நாளில் எங்களுக்கு நேரம் கிடையாது, உத்தேசமாக ஓடிக்கொள்ள வேண்டியதுதான். விசில் ரசாயனப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தவருடையது. அவரிடம் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக அவரை விளையாட்டு மாஸ்டராகவும் போட்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை பெரிது, ஆகவே நான் காப்டன்.

இதெல்லாம் யுத்தத்துக்கு முந்தின வருஷங்களில். பெங்களூர் சிட்டியும் கண்டோன்மென்டும் அப்போது இரண்டு ஊர் மாதிரி. எங்கள் கல்லூரி சிட்டிப் பக்கம், ஆனால் கண்டோன்மென்டிலிருந்தும் தமிழ்ப் பையன்கள் சைக்கிளில் வருவார்கள். அவர்களில் ஒருவன் என் உயிர்த் தோழன். அவன் அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆள் நெடுநெடுவென்று இருப்பான். ஓட ஆரம்பிக்கும் முன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வான். அவனும் நானும் மைல் ஓடுகிறவர்கள்.

மைதானம் சின்னது. ஏழு சுற்று ஓடினால் ஒரு மைல். நட்ட நடுவில் ஓர் அரச மரம், அதைச் சுற்றி மேடை, மேடையில் மஞ்சள் பூசிய நாகர் கற்கள். கல்லூரி வருவதற்கு முன்பே மரம் வந்துவிட்டது. அதனால் காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் மரத்தைச் சுற்ற வருவார்கள். எவரும் அவர்களைத் தடுத்ததில்லை. அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி, எங்கள் வீடு அடுத்த தெருவில்தான். முந்தானையில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை முடிந்துகொண்டு வருவாள். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை மேடையில் வைப்பாள். முழங்கால் வலி அவளுக்கு. ஐம்பதைத் தாண்டினால் "அப்பாடா" என்று உட்கார்ந்துவிட்டு, மறுபடி எழுந்து சுற்றுவாள்.

அவர்கள் சுற்றுகிற அதே வேளையில்தான் நாங்களும் ஓடுவோம். அவர்கள் வலமாகச் சுற்றினார்கள், நாங்களும் வலமாக ஓடினோம். யாரும் உத்தரவு போடவில்லை. அரச மரத்தை வேறு எப்படிச் சுற்றுவது? இப்படியே இரண்டு வருஷம் ஓடிப் பழகினோம்.

முதல் முறையாகக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிக்குப் போனோம். பெரிய மைதானம், ஷாமியானா, பாண்டு வாத்தியம். மைல் பந்தயத்துக்குக் கோட்டில் போய் நின்றால் மற்றவர்கள் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்! துப்பாக்கி பிடித்தவர் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். ஜனங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அங்கே இடது கைப் பக்கமாக வளைந்து ஓட வேண்டும். சரி, ஓடுவோம் என்று ஓடினேன். முதல் வளைவில் எல்லாரும் இடது பக்கம் சாய்ந்தார்கள், என் பாழாய்ப்போன உடம்பு மட்டும் வலது பக்கம் சாய்ந்தது. கோட்டை விட்டு விலகி நேரே ஷாமியானாவுக்குள் போய், லெமனேடு வைத்திருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். என் தோழன் ஒவ்வொரு வளைவிலும் வெளியே போய் வெளியே போய், ஒரு மைலை ஒன்றேகால் மைலாக ஓடிக் கடைசியில் வந்தான். அன்றைக்கு எங்கள் கல்லூரிக்கு விழுந்தது முட்டை.

மறுநாள் பிரின்சிபால் டெமான்ஸ்ட்ரேட்டரையும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். "கல்லூரிக்குப் புது ரசாயனக் கூடம் வேண்டும். இடம் இல்லை. அடுத்த வருஷப் போட்டியில் ஒரே ஒரு பாயிண்டாவது கொண்டு வாருங்கள், மைதானம் உங்களுக்கு. இல்லாவிட்டால் மரத்தை எடுத்துவிட்டு அங்கே கட்டிடம் போடப் போகிறோம்" என்றார். வெளியே வந்ததும் டெமான்ஸ்ட்ரேட்டர் எங்கள் இருவர் வாயிலும் பூட்டுப் போட்டார். "மரத்தை வெட்டப் போற விஷயம் வெளியே போச்சோ, ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் பிரின்சிபால் ரூம்ல வந்து உக்காந்துடுவாங்க. அப்புறம் அவர் பிடிவாதமா நாளைக்கே வெட்டிப்புடுவாரு. மூச்சு விடக் கூடாது!" ரசாயனக்காரராக இருந்தும் புதுக் கூடத்துக்கு ஆசைப்படாமல் எங்கள் பக்கம் நின்றார், பாவம்.

ஆகவே பக்கம் மாற்றி ஓடிப் பழக வேண்டும். வேறு இடம் பார்த்தோம். கண்டோன்மென்ட் மைதானத்தில் காலையில் சிப்பாய்கள் பரேடு, ரேஸ் கோர்ஸில் குதிரைகள். எங்கள் மைதானத்தை விட்டால் கதி இல்லை. ஒரு சனிக்கிழமை காலை இடமாக ஓட ஆரம்பித்தோம். ஒரு சுற்று முடியவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கன்னடத்துத் தோட்டக்காரர் பூவாளியைக் கீழே போட்டுவிட்டு, "பேடா சாமி, ஆ கடெ ஓடபேடி!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார். அந்தப் பக்கமாக ஓடாதே என்று மன்றாடுகிறார். அதற்குள் மேடைப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல்.

"டேய்! நில்லுடா! என்னா காரியம்டா பண்றே? அரச மரத்தை யாராச்சும் இடப்பக்கமா சுத்துவாங்களா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"நான் மரத்தைச் சுத்தலேம்மா, மைதானத்தைச் சுத்தறேன்!"

"மைதானம் எதைச் சுத்தி இருக்கு?"

போட்டியில் அப்படித்தான் ஓட வேண்டும், சட்டம் அது, போன தடவை மானம் போனது போதாதா என்று கத்தினேன். மரத்துக்கு வந்திருக்கிற ஆபத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். மற்றப் பெண்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"சரி, ஓடு. இடமா ஒரு சுத்து ஓடினா ஒரு கொட்டை வைப்பேன். வலமா ஒரு சுத்து ஓடினா அதை எடுப்பேன். மேடை காலியாகாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகக் கூடாது."

என் தோழன் மெல்ல நழுவப் பார்த்தான். "அம்மா, நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கும் கொட்டையா?"

"உன் சர்ச்சு எங்கேன்னு மரத்துக்குத் தெரியுமாப்பா? நீயும்தான் சுத்தறே. உனக்கும் வைப்பேன்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

அன்று பிடித்தது சனி என்றுதான் நினைத்தேன். டெமான்ஸ்ட்ரேட்டர் பத்துச் சுற்று இடமாக ஓடச் சொல்வார். முடித்துவிட்டு நாக்குத் தள்ள வந்து நின்றால், மேடையில் ஆளுக்குப் பத்துக் கொட்டை காத்துக்கொண்டிருக்கும். மறுபடி பத்துச் சுற்று வலமாக. மார்கழிப் பனியில் மூக்கு ஒழுக ஓடினோம். சித்திரை வெயிலிலும் விடவில்லை. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். ஆறு கொட்டை பாக்கி வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். அம்மா கஞ்சி கொடுத்தாள், நெற்றியில் பற்றுப் போட்டாள், ராத்திரி முழுக்க விழித்திருந்தாள். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் காலை, "ஆறு பாக்கி இருக்கு" என்றாள். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் போய் ஓடினேன்.

இப்படியே ஒரு வருஷம். எவனாவது சொல்லிக்கொடுத்திருந்தாலும் நாங்கள் இத்தனை ஓடியிருக்க மாட்டோம். மற்றக் கல்லூரிக்காரன் பத்துச் சுற்று ஓடிவிட்டுக் காப்பி குடிக்கப் போனான், நாங்கள் இருபது ஓடினோம். வளைவில் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் உடம்பு தானாகச் சாய்ந்தது.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை. பெரிய மைதானத்தில் நான்கு சுற்று ஒரு மைல். எங்கள் ஆட்கள் குண்டு எறிந்தும் உயரம் தாண்டியும் ஒரு பாயிண்டும் வரவில்லை. கடைசியாக இருந்தது மைல்தான். முதல் மூன்று இடங்களுக்குத்தான் பாயிண்டு. கோட்டில் நிற்கும்போது தோழன் காதோரம், "நான் முதல் ரெண்டு சுத்து வேகமா இழுத்துக்கிட்டுப் போறேன். எல்லாவனும் என் பின்னாடி வந்து களைச்சுப் போவான். நீ மெதுவா வா" என்றான். "அப்புறம் நீ?" என்றேன். "நான் எப்பிடியோ போறேன், நீ வா" என்றான்.

சொன்னபடியே செய்தான் படுபாவி. இரண்டு சுற்று எல்லாரையும் இழுத்தடித்துவிட்டு மூன்றாவதில் ஓய்ந்து பின்தங்கினான். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் நாலு பேர். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இவர்களெல்லாம் ஓட்டம் முடியப் போகிறது என்று ஓடுகிறார்கள், எனக்கு இன்னும் பாதி பாக்கி என்று என் கால் நம்பிக்கொண்டிருக்கிறது! ஒருவனைத் தாண்டினேன். கோட்டுக்குப் பத்தடி முன்னால் இன்னொருவனை நெஞ்சளவில் தாண்டி விழுந்தேன். மூன்றாவது இடம், ஒரு பாயிண்டு. டெமான்ஸ்ட்ரேட்டர் விசிலை ஊதிக்கொண்டே அழுதார். பிரின்சிபால் வந்து கை கொடுத்து, "மைதானம் உங்களுடையது" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். கட்டிடத்தைப் பின்னால் மதிலோரம் நெருக்கியடித்துக் கட்டினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. கால் இரண்டும் கட்டை மாதிரி. மரத்தைப் பார்க்க வேண்டும் என்று இருவருமே சொல்லி வைத்தாற்போல் வந்து சேர்ந்தோம். அம்மா மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து எத்தினி சுத்து ஓடினீங்க?"

"நாலு."

"எந்தப் பக்கம்?"

"இடமாத்தான்."

எட்டுக் கொட்டையை வரிசையாக மேடையில் வைத்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! "அங்கே ஏதும்மா மரம்? அது வேற மைதானம்! போதும் உன் புளியங்கொட்டை! இந்த மரத்தை வெட்டிடுவாங்கன்னுதான் உயிரைக் குடுத்து ஓடினோம், தெரியுமா உனக்கு?" என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பிரின்சிபால் சொன்னது, வாயைப் பூட்டியது, பாயிண்டு, எல்லாம்.

அம்மா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னை நம்பாமல் என் தோழனைக் கேட்டாள்: "நெஜமாப்பா?"

"ஆமாம்மா."

"ஒரு வருஷமாவா மனசுல வெச்சிருந்தீங்க? மொதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பிரின்சிபாலை நானே ஒரு கை பாத்திருப்பேனே!" என்று எழுந்தாள். "நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க. கொட்டையை எடுத்து வைங்க."

முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, எங்கள் எட்டுச் சுற்றையும் அவளே வலமாகச் சுற்றினாள். நாங்கள் மேடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். ஐந்தாவதில் நான் எழுந்திருக்கப் போனேன், தோழன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். எட்டாவது கொட்டையை அவன் எடுத்தான். மேடை காலி. அம்மா நிற்கவில்லை, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள்.

"அம்மா, எட்டும் ஆயிடுச்சு! இது எதுக்கு?"

"அடுத்த வருஷத்துக்கு" என்றாள் நடந்துகொண்டே. "மூணாவதா வந்துட்டு வாயைப் பாரு!"