ஓட்டிவிட்ட காட்சி

குழந்தைகளுக்கென்று கார்ட்டூன் படம் எடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்துக்குள் தாயைக் கொன்றுவிடுகிறார்கள். தாய் உயிரோடு இருந்தால் குட்டி வீட்டைவிட்டு நகராது, கதையும் நகராது. அதனால் கொன்றுவிடுவது. சோம்பேறித்தனம். இதில் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று வேறு போடுகிறார்கள். எந்தக் குடும்பம்?

அந்த வாரம் என் மனைவி வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கூட அவள் தங்கை இருந்தாள். ஏழு வயது மகளிடம், அம்மா தேவிகாபுரத்தில் மாமா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம். சொல்லச் சொன்னதும் என் மனைவிதான். நான் மகளோடு ஆரணியில் இருந்தேன். தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், மகள் நச்சரித்தாள் என்று டிவியில் ஒரு படம் போட்டேன். பனிமலை, ஒரு ஆட்டுக்குட்டி. தாய் ஆடு பாட ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மேலிருந்து பனி சரியத் தொடங்கியபோது ரிமோட்டை எடுத்து ஓட்டிவிட்டேன். நிறுத்தியபோது குட்டி ஆற்றங்கரையில் ஒரு குண்டு எலியோடு நின்றது.

"ஏம்பா ஓட்ன?"

"அது போரடிக்கும்மா."

அதற்குப் பிறகு அவள் படம் பார்க்கவில்லை, தாயைத் தேடினாள். பனிமலை எலி மெட்ராஸ் பாஷையில் ஜோக்கடித்தது. அவள் சிரிக்கவில்லை.

"அதோட அம்மா எப்பப்பா வரும்?"

"வந்துகினு இருக்கும்."

ஓநாய் துரத்தியது. "இப்பகூட வரலியே?"

"வரும் பாரு. சும்மா பேஜார் பண்ணாத."

கடைசியில் எல்லா மிருகங்களும் கூடி ஆடின. எழுத்து ஓடியது. அது முடியும்வரை அவள் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம அம்மா மாமா வீட்ல இல்லதான? இருந்தா ஏன் வீடியோ கால்ல வரமாட்டேங்குது?"

இதை ஓட்டிவிட என்னிடம் ரிமோட் இல்லை. "வேலூர் ஆஸ்பத்திரில இருக்குது. வயித்துல கட்டி. நாளைக்கு எடுத்துடுவாங்க."

"செத்துடுமா?"

"பயமில்லன்னு டாக்டர் சொன்னாரு. எனக்குத்தான் பயமா இருக்குது."

அவள் அழவில்லை. "போன் போடு" என்றாள். போட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். "சொல்லிட்டீங்களா? ஒரு நாள் வாய் நிக்காதா உங்களுக்கு?" என்று மனைவி ஆரம்பித்தாள். மகள் போனைப் பிடுங்கினாள்.

"ஊசி போட்டாங்களா? அழுதியா?"

ஸ்பீக்கரில் மனைவி பேச்சை மாற்றினாள்: "உங்கப்பன் சோறு ஆக்குனாரா?"

"கடை இட்லிதான். நான் அங்க வரேன்."

"சின்னப் புள்ளைங்கள மேல விடமாட்டாங்கடி."

"கீழயே நிக்கறேன். நீ ஜன்னலுக்கு வா."

தறியை அப்படியே விட்டுவிட்டு பஸ் பிடித்தோம். கண்ணமங்கலத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். மகள் ஜன்னல் வழியாக, "ஜல்தியா குடிங்கண்ணா, எங்கம்மாவுக்கு ஆபரேஷன்" என்று கத்தினாள். மனிதர் பாதி டீயோடு ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று மேலே பார்த்தோம். மூன்றாம் மாடி ஜன்னலில் பச்சை உடுப்பில் என் மனைவி வந்து நின்றாள். மகள் விரலை நீட்டி மிரட்டுகிற மாதிரி கத்தினாள்:

"ம்மா, நீ வீட்டுக்கு வந்துடணும், ஆமா! சொல்லிட்டேன்!"

வாட்ச்மேன் அதட்டினார். அவள் காதில் விழவில்லை. என் கையிலிருந்த போன் அடித்தது.

"கத்தாம இருக்கச் சொல்லுங்க அவள, வார்டே வேடிக்கை பாக்குது. வரேன்னு சொல்லுங்க."