நிற்க மாட்டேன் என்று ஜெபித்த வரிசை

2021 மே மாதம். முழு ஊரடங்கு. என் மகள் ஷாலினிக்கு இன்சுலின் தீர்ந்துகொண்டே வந்தது. அவளுக்கு அப்போது பதினோரு வயது. சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி வந்த பிள்ளை. மாத்திரை எல்லாம் அவளுக்கு வேலை செய்யாது. ஊசி போட்டால்தான் உயிர். இன்சுலின் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். அடியில் கொஞ்சம் ஆடும்.

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் பெயர் சுகந்தி. மந்தைவெளிப் பக்கம் கால்வாய் ஓரத்துத் தெருவில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறோம். தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை பிரித்துக் காட்டுகிற வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் தாஸ் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களுக்கு எப்போதும் இழுபறிதான். ஆனாலும் ஷாலினியின் ஊசிக்கு மட்டும் குறை வைத்ததே இல்லை.

ஊரடங்கு வந்ததும் கடையை மூடினார்கள். முதலாளி கொஞ்ச நாள் போனை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. இவர் ஆட்டோவுக்குப் படுதா போட்டு மூடிவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இன்சுலின் வாங்குகிற ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இல்லை. நடந்தே போய் வந்தார். கொரோனா நோயாளிகளைப் பார்க்கவே ஆள் போதவில்லை, இப்போதைக்கு வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். வெளியே என்றால் மெடிக்கல் ஷாப். மெடிக்கல் ஷாப் என்றால் கையில் காசு வேண்டும். அது எங்களிடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அரிசி கார்டு வைத்திருக்கிறவர்களுக்கு அரசாங்கம் நிவாரணப் பணம் அறிவித்தது. முதல் தவணை இரண்டாயிரம் ரூபாய். ரேஷன் கடையில் எந்த நாள் வரவேண்டும் என்று போட்டு, வீடு வீடாக டோக்கன் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கும் வந்தது.

அந்தப் பணத்தைப் பற்றி ஊர் பேசிய பேச்சு உங்களுக்கே தெரியும். டிவியில் கோட் போட்டவர்கள் உட்கார்ந்து, கஜானா காலியாகிவிடும் என்று கவலைப்பட்டார்கள். எங்கள் கடை வாட்ஸப் குரூப்பில் சூப்பர்வைசர், ஒயின் ஷாப் திறக்கட்டும், எல்லாம் அங்கேதான் போகும் என்று எழுதினார். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், நம்ம துட்டு நமக்கே வருது, இதுக்கு ஒரு விழா வேற என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தராவது டோக்கனைக் கிழித்துப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. மாடி வீட்டுக்காரர்களோ, எங்கள் வரிப்பணம் என்று ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். நான் வாங்குகிற சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

போகட்டும், அதெல்லாம் உலகத்தார் பேச்சு. எனக்கு வலித்தது சபையில் பேசிய பேச்சுதான்.

எங்கள் சபை அடையாறில் ஒரு மாடியில் கூடுகிறது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. குறைவை வாயால் அறிக்கை செய்யக் கூடாது. காய்ச்சல் கொதித்தாலும், எப்படி இருக்கீங்க என்று கேட்டால் பூரண சுகம், ஸ்தோத்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் அந்த இல்லாமை வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் வருஷக்கணக்காக அப்படியே சொல்லிப் பழகியவள்.

ஊரடங்கில் சபை ஜூமுக்கு மாறியது. பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவர் கிரேஸ் அக்கா. கணவர் பெரிய கம்பெனியில் இருக்கிறார், பெசன்ட் நகரில் சொந்த பிளாட். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், பக்கத்துக் குப்பத்து ஜனங்களுக்கு மளிகைப் பை கட்டிக் கொடுக்கப் போகிறோம் என்று அவர் அறிவித்தார். நம்ம சபையிலே யாருக்காவது தேவை உண்டா என்றும் கேட்டார். கேட்ட சூட்டோடு அவரே பதிலும் சொன்னார்: கர்த்தருடைய கிருபையால் நம்ம நடுவுல குறைவுள்ளவங்க ஒருத்தரும் இல்லை, ஆமென். எல்லாரும் ஆமென் என்றார்கள். என் வாயும் ஆமென் என்றது. இன்சுலின் பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான் நான். பழகின வாய், அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

அன்றைக்கே நிவாரணப் பணத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. அரசாங்கத்தின் கையைப் பார்க்கிறவர்கள் கர்த்தருடைய கையைப் பார்க்க மாட்டார்கள் என்று கிரேஸ் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கும் நாலைந்து ஆமென் விழுந்தது. கூட்டம் முடிந்ததும் டோக்கனை எடுத்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, என் பிள்ளைக்கு மருந்து கொடும். ஆனால் அந்த வரிசையில் மட்டும் என்னை நிறுத்தாதேயும்.

எத்தனை சாட்சி கேட்டிருக்கிறேன். முழங்காலில் இருந்தேன், கதவு தட்டப்பட்டது, முகம் தெரியாத ஒருவர் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று. நானும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் தட்டவில்லை. டோக்கனில் போட்டிருந்த நாளும் போய்விட்டது. நான் போய் நிக்கறேன், டோக்கனைக் குடு என்று இவர் கெஞ்சினார். விசுவாசத்தைக் கெடுக்காதீங்க என்று நான்தான் தடுத்தேன். மருந்து இன்னும் கொஞ்ச நாள் வரட்டும் என்று ஊசியின் அளவைக் குறைத்தேன். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். உதடு காய்ந்து வெடித்தது. பள்ளிக்கூட ஆன்லைன் வகுப்புக்குக்கூட எழுந்து உட்கார முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பாட்டில் காலி. ஷாலினி வாந்தி எடுத்தாள். இவர் அவளை மடியில் போட்டுக்கொண்டு விசிறினார். நான் போனை எடுத்து உபவாச ஜெபத்தில் சேர்ந்தேன். இன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன். ஆரம்பத்திலேயே கிரேஸ் அக்கா, ஒரே இரைச்சலா இருக்கு, எல்லாரும் மியூட்டில் போட்டுக்கொண்டு அவரவர் வீட்டில் சத்தமா ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டார். மியூட்டில் போட்டேன். கண்ணை மூடினேன். அதுவரைக்கும் அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. மருந்து இல்லை ஆண்டவரே, என் பிள்ளை சாகிறாள், மருந்து இல்லை என்று அலறினேன். கண்ணைத் திறந்தால், போன் திரையில் சிஸ்டர்கள் எல்லாரும் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் என் சத்தம் கேட்கவில்லை.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா. மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். நெற்றி நிறையக் குங்குமம், மூக்குக்குக் கீழே தொங்குகிற மாஸ்க். அப்படியே வாசலில் நின்றார்.

"இன்னாமே, காலைலேர்ந்து கத்திக்கினு கீற? இன்னா மருந்து இல்ல?"

"ஜெபம் பண்றேன்க்கா."

"அது தெரியுது. பொண்ணுக்கு மருந்து கீதா இல்லியா, அதைச் சொல்லு."

இல்லை என்று சொல்லக் கூடாது என்று பழகின வாய் என்னுடையது. ஆனாலும், "இல்லக்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அத்தனை பாடாக இருந்தது.

டோக்கன் இருக்கிறதா என்று கேட்டார். நாள் தவறிவிட்டது என்றேன். தவறினா இன்னா, வா, நான் பேசிக்கறேன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஜூமில் ஜெபம் ஓடிக்கொண்டே இருந்தது. போனை அப்படியே கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனேன்.

ரேஷன் கடையில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கன்னியம்மா அக்கா தன் பணத்தை முன்பே வாங்கிவிட்டவர். எனக்காகவே மறுபடி வந்தார். இவளை முன்னாடி வுடுங்க, பொண்ணு மருந்து இல்லாம வாந்தி எடுத்துக்கினு கீது என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டே என்னைத் தள்ளிக்கொண்டு போனார். எல்லாருக்கும்தான் கஷ்டம் என்று ஒருவர் முறைத்தார். நல்லா நடிக்குது பாரு என்று ஒரு அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. ஆனாலும் வழி விட்டார்கள். கவுன்டரில் இருந்தவர், உன் நாள் போயிடுச்சே, இத்தனை நாள் என்ன பண்ணே என்று கத்தினார். கத்திக்கொண்டேதான் கார்டை வாங்கி ஸ்கேன் பண்ணினார். பணத்தைக் கையில் வைத்து, ஓடும்மா என்றார்.

ஓடினேன். மெடிக்கல் ஷாப்பில் இன்சுலின் இருந்தது. வீட்டுக்கு வந்து ஊசி போட்டேன். சாயங்காலம் ஷாலினி எழுந்து உட்கார்ந்து, பசிக்குதும்மா என்றாள். தயிர் சாதம் பிசைந்து ஊட்டினேன். இவர் தெருவில் போய் நின்று அழுதார். பிறகு டாக்டரிடம் காட்டினபோது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கோமாவுக்குப் போயிருப்பாள், நீயெல்லாம் ஒரு தாயா என்று திட்டினார். திட்டட்டும். பிள்ளை பிழைத்துவிட்டாள். என் ஆண்டவர் என் கதறலைக் கேட்டார். நிற்க மாட்டேன் என்று நான் அடம் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, அங்கே எனக்கு உதவி செய்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

இதோடு முடித்தால் சாட்சி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் பெண்கள் ஐக்கியத்து வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. ஏதோ பால்கனியிலிருந்து எடுத்த ரேஷன் கடை வரிசை. நடுவில் பச்சைப் புடவையும் மாஸ்க்குமாக ஒருத்தி, எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போகிறாள். கிரேஸ் அக்காதான் அனுப்பியிருந்தார். இலவசம் என்றால் உயிர்ப் பயம்கூட இல்லை, இந்த ஜனங்களுக்காக ஜெபிப்போம் என்று கீழே எழுதியிருந்தார். அதற்குக் கும்பிடுகிற கை வரிசையாக வந்தது. கொரோனாவைப் பரப்புவதே இவர்கள்தான் என்று ஒரு சிஸ்டர். வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று இன்னொரு சிஸ்டர்.

அந்தப் பச்சைப் புடவை என்னுடையது. பெண்கள் ஐக்கிய ஆண்டு விழாவுக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் எடுத்தோமே, அந்தப் புடவைதான். அதைக்கூட அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

கிரேஸ் அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, அந்த போட்டோவுல இருக்கறது நான்தான்" என்றேன்.

"ஏம்மா சுகந்தி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா விசுவாசம் இல்லைன்னு சொல்லியிருப்பீங்கக்கா."

போட்டோவை அழித்துவிட்டார். சாயங்காலம் டிரைவரிடம் ஒரு மளிகைப் பை கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன். அரிசியோடு எனக்கு என்ன சண்டை?

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் வீட்டிலும் அரிசி கார்டுதான். அந்த வாரமே அவருடைய டிரைவர் போய் வரிசையில் நின்று பணத்தை வாங்கி வந்தார். அக்கா அதைக் குப்பத்து மளிகைப் பைக்குக் காணிக்கையாகப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜூமில் அதைச் சாட்சியாகவும் சொன்னார். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அதே ரூபாய், அதே கவுன்டர். அவர் கைக்குப் போனால் காணிக்கை, என் கைக்கு வந்தால் வெட்கங்கெட்டத்தனம்.

இப்போது சபையில் சாட்சிப் புத்தகம் போடுகிறார்கள். என்னையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு பாஸ்டர் ஐயா அன்பாகத்தான் பேசினார். ரேஷன் கடையை எடுத்துவிடலாம், தேவனுக்குப் போக வேண்டிய மகிமை அரசாங்கத்துக்குப் போய்விடும் என்றார். கன்னியம்மா என்ற பெயரும் வேண்டாம், ஒரு நபர் மூலமாக என்று போடலாம் என்றார். போட்டோ விஷயம் வேண்டவே வேண்டாம், சகோதரிகள் மனம் புண்படும் என்றார். என் மனதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானே ஜெராக்ஸ் எடுத்து உங்கள் கையில் கொடுக்கிறேன்.

ஷாலினி இப்போது ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு ஜவுளிக் கடையில் மறுபடி வேலை கிடைத்தது. நான் இன்னும் அதே சபைக்குத்தான் போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். எப்படி இருக்கீங்க சிஸ்டர் என்று யாராவது கேட்டால், முட்டி வலி, வீட்டு வாடகை ஏறிவிட்டது என்று உள்ளதைச் சொல்கிறேன். சிலர் நகர்ந்து போய்விடுகிறார்கள். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது சிலர் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தி, எங்க வீட்லயும் கஷ்டம்தான் என்று மெதுவாகச் சொல்கிறார்கள்.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். என் பிள்ளையைக் காப்பாற்றினவர் உங்கள் பிள்ளையையும் காப்பாற்றுவார், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டில் இல்லாததை இல்லை என்று சொல்லியே ஜெபியுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஜெபியுங்கள். சபைக்குக் கேட்டிருக்கும் என்று மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.