வெளிர் மஞ்சள் பூசிய தோட்டம்

போன வாரம் ஈப்போவில் ஒரு மார்பகப் பரிசோதனை நிலையத்தில் என் அக்கா மகள் ரீட்டாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். துணை என்று பேர்தான். காரை ஓட்டி வந்தது அவள், வரிசை எண் எடுத்தது அவள், எனக்குச் சூடாக மைலோ வாங்கித் தந்ததும் அவள். நான் செய்த ஒரே வேலை ஏர்கண்டிஷனைத் திட்டியது. ஒரு படிவம் கொடுத்தார்கள். ரீட்டா அதை மடியில் வைத்து எழுதிக்கொண்டே சொன்னாள்:

"குடும்பத்துல யாருக்காச்சும் கேன்சர் இருந்துச்சான்னு கேட்டிருக்கு சின்னம்மா. இல்லைன்னு போட்டுட்டேன்லா."

நான் மைலோவை ஊதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் வெளிர் மஞ்சளாக இருந்தது. அந்த நிறத்தை எங்கே பார்த்தாலும் எனக்குக் கலர் பென்சில் சீவுகிற வாசனை வந்துவிடும்.

சிரிக்காதீர்கள், என் முதல் உத்தியோகமே கலர் அடிப்பதுதான். எண்பதுகளின் தொடக்கம். ஈப்போ பழைய டவுனில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பேராக் மாநிலத்தில் எந்த ஊரில், எந்த இனத்தில், எந்த வயதில் புற்றுநோய்ச் சாவு அதிகம் என்று வரைபடம் போட ஒரு டாக்டர் வந்திருந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, வெளிநாட்டில் புள்ளியியல் படித்துவிட்டு வந்த தமிழர். தோட்டத்துப் பெயர்கள் தெரிந்த, மலாய் வாசிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டார். இறப்புப் பதிவுகளின் நகல்கள் கட்டுக்கட்டாக வரும். ஒரு சாவுக்கு ஓர் அட்டை: வயது, ஆணா பெண்ணா, இனம், ஊர், காரணம். டாக்டர் கணக்குப் போட்டு முடித்ததும் நான் வரைபடத்தில் நிறம் பூசவேண்டும். அதிகம் என்றால் சிவப்பு, நடுத்தரம் ஆரஞ்சு, குறைவு வெளிர் மஞ்சள். புந்தோங்கில் வாங்கிய கச்சான் பூத்தே என்கிற வறுகடலையைக் கொறித்துக்கொண்டே அட்டை எழுதுவேன். பாதி அட்டைகளில் என் எண்ணெய் விரல் பதிந்திருக்கும். செத்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த வேலை மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிவப்பு விழுகிற இடங்களுக்கு முதலில் பரிசோதனை வேன் போகும், பெண் நர்சுகளோடு போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வேன் என் அக்கா செல்வமேரிக்குத் தேவைப்பட்டது. கோலா கங்சார் பக்கத்தில், நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்திலேயே அவள் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். மார்பில் கட்டி. என்னிடம் மட்டும்தான் சொன்னாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ரப்பர் பால் வாடையோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வர அவளுக்குக் கூச்சம். ஆண் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்ற அதைவிடக் கூச்சம்.

"வேன் வரட்டும் பாப்பா. எல்லாப் பொம்பளைங்களோட சேந்து நானும் காட்டிக்கிறேன்."

"கண்டிப்பா வரும்க்கா. நம்ம தோட்டம் செவப்பாத்தான் விழும்" என்றேன்.

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன், ஏனென்றால் எங்கள் அம்மா போனதும் அதே நோயில்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான்தான் அவளை பஸ் ஏற்றி ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். நோயின் பெயரை என் காதால் கேட்டேன். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றதும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தோம். தோட்டத்தில் யாரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாக விரும்பமாட்டார்கள். அப்படித் திரும்பிவந்து செத்த பெண்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே பலர் இருந்தார்கள்.

ஒரு நாள் எங்கள் தோட்டத்துக் கட்டு வந்தது. அம்மா பெயரைத் தேடி எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'டெமாம்' என்று இருந்தது. மலாயில் காய்ச்சல். அடுத்த வீட்டு மரகதம் அக்காவுக்கும் காய்ச்சல். பிலோமினா அக்காவுக்கு முதுமை. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் டிரெசர் அந்தோணி அண்ணனைப் பிடித்தேன். தோட்டத்து மருந்தகம் அவர் பொறுப்பு, சாவுக்குக் காரணம் எழுதித் தருவதும் அவர்தான். நான் போட்ட சத்தத்தில் மருந்து வாங்க வந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள்.

"உங்கப்பாதான் கேட்டாரு தங்கச்சி. கேன்சர்னு எழுதினா ரெண்டு பொண்ணையும் எவன் கட்டுவான்னு அழுதாரு. நான் என்ன செய்ய? எல்லா வீட்லயும் இதே கதைதான்லா."

அப்பா அப்போது உயிரோடு இல்லை, சண்டை போடக்கூட ஆளில்லை. அவர் அவ்வளவு பாடுபட்டு மறைத்தும் என்னை யாரும் கட்டவில்லை என்பது வேறு விஷயம். அந்தோணி அண்ணன் வீடு வீடாக நினைவுபடுத்திச் சொன்னார். உண்மையில் யார் எதில் செத்தார்கள் என்று, கோயிலில் கொடுத்த பாட்டுத் தாளின் பின்புறம் நிரம்ப எழுதிக்கொண்டேன். மறுநாள் அதை டாக்டரிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "ரொம்ப முக்கியமானதும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று மேசை இழுப்பறைக்குள் வைத்தார். நகல் எடுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு நம்பினேன் அந்த மனிதரை.

கடைசிப் பட்டியல் கைக்கு வந்தபோது எங்கள் தோட்டத்துக்கு நேரே வெளிர் மஞ்சள் என்று இருந்தது.

"டாக்டர், அந்த லிஸ்ட்டு?"

"வாயால சொன்னத வச்சு அட்டைய மாத்த முடியாதும்மா. அதோட அது சின்ன இடம். ஒரு சாவு கூடினாலே நம்பர் துள்ளும். பக்கத்துத் தோட்டங்களோட சேர்த்துச் சமப்படுத்தியிருக்கேன்."

பக்கத்துத் தோட்டங்களிலும் எல்லாரும் காய்ச்சலில்தான் செத்திருந்தார்கள். எங்கள் அட்டைகளில் தப்பித்தவறி இருந்த ஒன்றிரண்டு உண்மையும் அதில் கரைந்துபோனது. டாக்டர்கள் கூட இருந்து காரணத்தை ஒழுங்காக எழுதிய டவுன்கள்தான் சிவப்பாயின. பென்சிலை வீசிவிட்டு வந்தேன் என்று உங்களிடம் அளக்க ஆசைதான். வீசவில்லை. கோட்டைத் தாண்டாமல் அழகாகப் பூசினேன்.

வேன் சிவப்பாய் விழுந்த லூமுட் பக்கம் போனது. அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள். "அடுத்த மாசம் வந்துரும்க்கா" என்பேன். நானே கடைசியில் அவளைத் தரதரவென்று ஈப்போவுக்கு இழுத்துவந்தபோது, அம்மாவுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டரை நான் மன்னிக்கவில்லை, அப்பாவையும் மன்னிக்கவில்லை. அந்த 'அடுத்த மாசம்' மட்டும் என்னுடையது.

அடக்கத்தன்று காலை அந்தோணி அண்ணன் காகிதத்தோடு வந்தார். அத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ரீட்டாவுக்கு ஒன்பது வயது. என் ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன எழுதட்டும் தங்கச்சி? நீயே சொல்லிரு" என்றார் என்னைப் பார்த்து.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரீட்டாவைப் பார்த்தேன். பெண் பிள்ளை.

"காய்ச்சல்னு எழுதுங்கண்ணே" என்றேன்.

"சின்னம்மா, நம்பர் வரப்போகுது, பைய பாத்துக்க" என்று பரிசோதனை நிலையத்து நாற்காலியிலிருந்து ரீட்டா எழுந்தாள்.

"அந்தப் பேனாவக் குடு."

'இல்லை' என்பதை அடித்தேன். அம்மா, அம்மாவின் அம்மா என்று எழுதி அவளிடம் நீட்டினேன். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"காய்ச்சல்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

"இத்தன வருசமாவா சின்னம்மா?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள். எண் கூப்பிட்டதும் கதவுவரை போனவள் திரும்பிவந்து, "லயத்துல வேற யாரெல்லாம்? அவங்க பொண்ணுங்களும் என் வயசுதானே" என்றாள்.

"மரகதம் அக்கா. பிலோமினா அக்கா." அதற்குமேல் எனக்கு வரவில்லை. ஒரு தாள் நிரம்ப எழுதியவள் நான், மூன்றாவது பெயர் வரவில்லை. அந்தோணி அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டரின் மேசை எந்தக் குப்பைக்குப் போனதோ. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டு, செம்பனையையும் வெட்டி வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. லயம் இல்லை, மருந்தகம் இல்லை, வரைபடத்தில் தோட்டத்தின் பெயரே இல்லை. அந்தப் பெண்களின் மகள்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கிளினிக்கில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, இந்நேரம் அவர்களும் 'இல்லை' என்றுதான் போட்டுக்கொண்டிருப்பார்கள்.